அக்கா வீட்டுப் பத்திரம்

எங்கள் குடும்பத்தில் அக்காவுக்குக் கல்நெஞ்சுக்காரி என்று பெயர். அந்தப் பெயரைப் பரப்பியவர்களில் நானும் ஒருத்தி. கேட்டால் கைமாற்று கொடுப்பாள். உடம்புக்கு முடியாதவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்துக் கொடுப்பாள். யார் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் குறைந்தாலும் முதலில் நீளுகிற கை அவளுடையதுதான். இவ்வளவு செய்தும் அந்தப் பெயர் ஏன் வந்தது என்றால், அவளிடம் 'மாட்டேன்' என்று ஒரு சொல் இருந்தது. அதை எந்த இடத்தில் எடுத்து வைப்பாள் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. எடுத்து வைத்துவிட்டால் நாம் தலைகீழாக நின்றாலும் அது நகராது.

சின்ன வயதிலேயே அப்படித்தான். தின்பதற்கு எது கிடைத்தாலும் எனக்குப் பாதி பிய்த்துக் கொடுப்பாள். அவளுடைய பென்சில் டப்பாவை மட்டும் தொடவிட மாட்டாள். இதற்குப் பின்னால் ஏதோ சோகக் கதை இருக்கும் என்று தேட வேண்டாம். சிலர் சுருட்டை முடியோடு பிறக்கிறார்கள், சிலர் கட்டைக் குரலோடு பிறக்கிறார்கள். இவள் இப்படிப் பிறந்தாள், அவ்வளவுதான்.

அக்காவுக்கு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை. தாள் மடிக்கிற பெண்ணாகப் போய்ச் சேர்ந்தவள், சில வருடங்களில் தாள் வெட்டும் எந்திரத்துக்கு வந்துவிட்டாள். அந்த எந்திரத்துக்கு இரண்டு ஓரத்திலும் இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும். கத்தி இறங்கும்போது கை இரண்டும் வெளியே இருக்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஒருமுறை அவசர வேலை என்று கூட வேலை பார்த்தவர் ஒரு பட்டனை டேப் போட்டு அழுத்தி ஒட்டிவிட்டு, ஒரு கையால் தாளைத் தள்ளிக்கொண்டே வெட்டினார். துண்டான விரல்களைச் சுத்தமான துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது அக்காதான். ஒட்ட வைக்க முடியவில்லை. அன்றிலிருந்து யாருக்காவது கையில் அடி என்று கேட்டாலே எழுந்து போய்விடுவாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் தட்டை நகர்த்தி வைத்துவிடுவாள்.

அந்தச் சம்பளத்தில் வாங்கியதுதான் வீடு. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கினாலும் அவள் பேரில் வாங்கினாள், அவள் சம்பளத்திலேயே தவணை கட்டி முடித்தாள். பெரிய அரண்மனை ஒன்றுமில்லை. இரண்டு அறை, ஒரு சமையலறை. சமையலறைக் கதவைத் திறந்தால் குளியலறைக் கதவில் இடிக்கும். குளியலறையில் இருப்பவர் வெளியே வருமுன் இரும வேண்டும், சமையலறையில் இருப்பவர் கதவைத் திறக்காமல் காத்திருக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். முன் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் கை நீட்டும் தூரத்தில். பின்னால் துணி காயப் போடக் கொஞ்சம் இடம். அக்காவுக்குக் குழந்தை இல்லை. கையில் தெம்பு குறைந்த பிறகு அவளும் மாமாவும் யார் தயவும் இல்லாமல் படுத்து எழ அந்த வீடு ஒன்றுதான் இருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், பெயிண்டர். அவருக்கு 'ரெண்டு கோட்டு' என்று பட்டப்பெயர். எந்தச் சுவரைக் காட்டினாலும் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு கோட்டு அடிச்சா புதுசாயிடும்" என்பார். என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் என் முகத்தைப் பற்றியும் அதையே சொன்னவர். அதற்காக நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. நல்ல மனிதர். குடிக்க மாட்டார், ஏமாற்ற மாட்டார், சொன்ன தேதியில் வேலையை முடிப்பார். கனவு மட்டும் கொஞ்சம் அதிகமாகக் காண்பார்.

அவருக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் வாடகை வீடுகள். ஒரு குடும்பம் காலி செய்து அடுத்த குடும்பம் சாமான் இறக்குவதற்குள் அடித்து முடிக்க வேண்டிய வீடுகள். காலி வீட்டுச் சுவரைப் பார்த்தே இருந்தவர்களின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். கட்டிலின் தலைமாட்டில் எண்ணெய்ப் பிசுக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, ஆணி எத்தனை, சமையலறையில் புகை எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது, எல்லாம் அவருக்குச் சாட்சி. இப்படி ஊரார் வாடகை வீடுகளுக்கெல்லாம் முகம் கழுவி விட்டுக்கொண்டே இருந்தவருக்கு, நாமும் ஏன் ஒரு வீட்டுச் சொந்தக்காரன் ஆகக் கூடாது என்று தோன்றியதில் தப்பில்லை. எனக்கும் தோன்றியிருக்கும்.

ஒருநாள் நான்கு குடித்தனம் இருக்கிற பழைய மாடிக் கட்டிடம் ஒன்று விலைக்கு வருகிறது என்று ஓடி வந்தார். நான்கு வாடகை வந்தால் தவணை போகக் கையில் இவ்வளவு நிற்கும், பத்து வருடத்தில் கடன் அடைந்துவிடும், பிறகு காலை ஆட்டிக்கொண்டு உட்காரலாம் என்று மனக்கோட்டை கட்டினார். பேங்கில் போய்க் கேட்டார். பெயிண்டருக்கு மாதச் சம்பளம் கிடையாது, மழைக் காலத்தில் வேலையே இராது. அதனால் வாங்குகிற கட்டிடம் மட்டும் ஈடாகப் போதாது, குடியிருக்கிற வீட்டுப் பத்திரத்தையும் கொண்டு வாருங்கள், உங்கள் மனைவி ஜாமீன் கையெழுத்துப் போடட்டும், வட்டியும் குறையும் என்றார் கடன் அதிகாரி. மாமாவுக்கு இதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. கட்டின பெண்டாட்டியின் கையெழுத்து சட்டைப் பையில் இருக்கிற பேனா மாதிரி என்றுதான் எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

அக்கா மாட்டேன் என்றாள்.

மாமா முதலில் சிரித்தார், பிறகு விளக்கினார், பிறகு கோபித்துக்கொண்டார். கடைசியில் தன் அண்ணனைக் கூட்டி வந்தார். பெரியவர் என்று நாங்கள் கூப்பிடும் அந்த மனிதர் அக்காவின் முன் அறையில் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, குடும்பம் என்றால் என்ன, தாலி என்றால் என்ன, நம்பிக்கை என்றால் என்ன என்று நீளமாகப் பேசினார். நானும் அக்காவுக்கு எதிராகத்தான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இவ்வளவு நல்ல மனிதர் கேட்கிறார், ஒரு கையெழுத்துத்தானே என்று எனக்கு எரிச்சல். புருஷனையே நம்பாதவள் வேறு யாரை நம்பப் போகிறாள் என்று பெரியவர் முடித்தபோது அக்கா கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"உங்க தம்பிய நம்பறேன். அது வேற, வீடு வேற. வாடகை வீட்டுல நஷ்டம் வந்தா வாடகை வீடு போகட்டும். நாங்க படுக்கற இடம் எதுக்குப் போகணும்?"

"நஷ்டம் ஏன் வரப் போகுது?" என்றார் பெரியவர்.

"வரலன்னா என் பத்திரமும் தேவையில்லதானே" என்று சொல்லிவிட்டு அக்கா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பெரியவர் தேநீரைக் குடிக்காமலேயே எழுந்து போனார். அவருடைய மூக்கு அந்த வீட்டில் உடைபட்டது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். அக்காவோடு பேச்சுவார்த்தை கிடையாது. நான் போகும்போதெல்லாம் "உங்கக்காகிட்ட சட்டைக்குப் பட்டன் தைக்கணும்னு சொல்லு" என்பார். அக்கா எதிரிலேயே ஊசி கோர்த்துக்கொண்டிருப்பாள். அந்த நான்கு குடித்தனக் கட்டிடத்தை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள் என்று தெரிந்த அன்று அவர் சாப்பிடவில்லை. அக்காவும் சாப்பிடவில்லை. ஆனால் பத்திரம் பீரோவை விட்டு வெளியே வரவில்லை.

இப்படிப் பல மாதம் ஓடிய பிறகு அக்காவே பேச்சை எடுத்தாள். தன் சேமிப்பில் பாதியைத் தருவதாகச் சொன்னாள். அதற்குத் தகுந்த சின்ன வீடாகப் பாருங்கள், அந்த வீட்டையே ஈடாக வைத்து வருகிற கடனை மட்டும் வாங்குங்கள், பணம் போனால் போன பணத்தோடு போகும் என்றாள். கூடவே நிபந்தனைகள் வேறு. வாடகைக்குத் தனிக் கணக்கு, அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஒரு கிலோ உப்புகூட வாங்கக் கூடாது. வீடு காலியாகக் கிடந்தாலும் சில மாதத் தவணை கட்டுகிற அளவுக்கு முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும். குடியிருக்க வருகிறவர் தெரிந்தவரானாலும் தெரியாதவரானாலும் எழுத்தில் ஒப்பந்தம். யாருக்காவது அடிகிடி பட்டால் ஈடு கட்ட இன்சூரன்ஸ். மாமா எல்லாவற்றுக்கும் சரி என்றார். என்னிடம் வந்து, "உங்கக்கா அச்சகத்துல இருக்க வேண்டியவ இல்ல, பேங்க்ல இருக்க வேண்டியவ" என்று சொன்னார். பாதி கிண்டல், பாதி பெருமை.

நான்கு வீடு கேட்டவருக்கு ஒரு வீடு கிடைத்தது. பழைய கட்டிடத்தின் முதல் மாடியில், ஒரு படுக்கையறை, ஒரு கூடம், தெருவைப் பார்த்த பால்கனி. மாமாவுக்கு அது போதும். பத்திரப் பதிவு முடிந்த மறுநாளே ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பட்டி பார்த்தார், உப்புத்தாள் போட்டார், கூடத்துக்கு வெளிர்மஞ்சள், அறைக்கு வெள்ளை. பால்கனிக் கம்பித் தடுப்பு துருப்பிடித்துக் கிடந்தது. துருவைச் சுரண்டி, ரெட் ஆக்ஸைடு பூசி, மேலே கரும்பச்சை எனாமல் இரண்டு கோட்டு அடித்தார். என்னைக் கூட்டிப் போய்க் காட்டினார். முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. "எப்படி?" என்று கேட்டார். பிரமாதம் என்றேன். கம்பி சிமெண்டுக்குள் இறங்குகிற இடத்தை ஆட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. வேறு யாராவது வாங்கியிருந்தால் துருவைப் பார்த்ததும் வெல்டரைக் கூப்பிட்டிருப்பார்கள். மாமா பெயிண்டர். துரு என்றால் அவருக்கு அது பூச வேண்டிய ஒன்று.

குடிவந்தது ஒரு தையல்காரம்மா. பள்ளிச் சீருடை தைப்பவர். காலர் திருப்புவதில் அந்த வட்டாரத்தில் அவரை அடிக்க ஆளில்லை என்று பேர். கணவர் சரக்கு லாரி ஓட்டுநர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். பால்கனியை ஒட்டிய ஜன்னலுக்குக் கீழே மெஷினைப் போட்டுக்கொண்டார். வெளிச்சம் அங்கேதான் நன்றாக வரும். வாடகை சொன்ன தேதிக்கு வந்தது. மாமா வேலை முடிந்து வரும்போது வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்து, தன் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிகிறதா என்று நிமிர்ந்து பார்ப்பார். அந்த ஒரு வருடம் அவர் நடையே மாறிவிட்டிருந்தது. அக்காகூட ஒருதரம் என்னிடம், நான்கு வீட்டையும் வாங்கவிட்டிருக்கலாமோ என்று கேட்டாள். நான் விடுவேனா, நன்றாகக் குத்திக் காட்டினேன்.

ஒரு காலையில் தையல்காரம்மா துவைத்த போர்வையை உதறித் தடுப்பின் மேல் போட்டு, ஓரத்தைச் சரிசெய்யக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறார். தடுப்பு அப்படியே பெயர்ந்து வெளியே போனது. அவரும் போனார். கீழே நின்றிருந்த ஸ்கூட்டரின் மேல் விழுந்ததால் உயிர் தப்பியது. வலது முழங்கை நொறுங்கிவிட்டது.

மாமா ஓடியபோது ஆம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. நான் போய்ச் சேரும்போது அவர் தெருவில் கிடந்த தடுப்பின் பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். கம்பியின் அடிப்பக்கத்தை விரலால் தொட்டார். இரும்பு பொடியாக உதிர்ந்தது. அதைச் சுற்றி நின்றிருந்தது அவர் அடித்த பெயிண்ட் மட்டும்தான், வெறும் கூடாக, பச்சைப் பசேலென்று. "நான் அடிச்ச பெயிண்ட் நல்லா பிடிச்சிருக்கு பாரு" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் எனக்குப் பயமாகிவிட்டது. கையைப் பிடித்து இழுத்து எழுப்பினேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகச் சரிந்தது. இன்சூரன்ஸ் இருக்கிறது என்று மாமா தைரியமாகப் போனார். கடன் கொடுக்கும்போது பேங்க் போடச் சொன்ன இன்சூரன்ஸ் அது. தீ விபத்து நடந்தால் பேங்கின் பணம் பேங்குக்குத் திரும்பி வருவதற்காகப் போட்டது. அதில் குடியிருப்பவரின் முழங்கைக்கு இடமில்லை. அக்கா சொன்னது வேறு இன்சூரன்ஸ் என்பது மாமாவுக்குத் தெரியாது. ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று நினைத்துவிட்டிருக்கிறார். அக்கா கேட்டபோது "போட்டாச்சு" என்று சொன்னது பொய்யில்லை. அவளும் வாங்கிப் படித்துப் பார்க்கவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்க்கிறவள் அதை மட்டும் விட்டுவிட்டாள்.

மாமா அந்த வீட்டை விற்றார். அவசரத்துக்கு விற்றால் என்ன விலை வரும்? பேங்க் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய அக்காவின் முதலும், ஒதுக்கி வைத்திருந்த தவணைப் பணமும் முதல் ஆபரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சரியாகப் போயிற்று. எலும்பு சேர்ந்தது. ஆனால் கை மடங்கவில்லை, நீட்டினால் நீட்டியபடியே நின்றது. இன்னொரு ஆபரேஷன் செய்தால் மடங்கலாம், உறுதி சொல்ல முடியாது, செய்வதானால் சீக்கிரம் செய்ய வேண்டும், தள்ளிப் போட்டால் அப்படியே இறுகிவிடும் என்றார் டாக்டர். லாரி ஓட்டுநர் ஒரு வக்கீலிடம் போனார், மாமாவும் ஒரு வக்கீலிடம் போனார். இரண்டு வக்கீலும் ஒன்றையே சொன்னார்கள். வழக்குப் போட்டால் ஜெயிக்கலாம். ஆனால் பெயிண்டரிடம் எடுக்க இனி ஒன்றும் இல்லை. குடியிருக்கிற வீடு மனைவியின் பேரில், மனைவியின் சம்பாத்தியத்தில் வாங்கியது, அந்த அம்மா எதிலும் கையெழுத்துப் போடவில்லை, அதை யாரும் தொட முடியாது.

மாமாவின் வக்கீல் அக்காவைப் பார்த்து, "நீங்க நிம்மதியா இருக்கலாம்மா" என்றாராம்.

செய்தி கேட்டுப் பெரியவர் வந்தார். அதே நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைக்கு நீ கையெழுத்துப் போட்டிருந்தால் இன்றைக்கு இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்றிருப்பீர்கள், குடும்பத்திலேயே நீதான் புத்திசாலி என்று வாயாரப் புகழ்ந்தார். இந்த முறை தேநீரையும் குடித்தார். நானும் சும்மா இல்லை. தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் என் அக்காவின் சாமர்த்தியத்தைப் பற்றிப் பேசினேன். அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று சொன்ன வாயா இது என்று எனக்கே சிரிப்பு வந்தது. அக்கா எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரியவர் போன பிறகு அந்த டம்ளரை வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு தையல்காரம்மாவைப் பார்க்கப் போனாள். மாடி வேண்டவே வேண்டாம் என்று அவர்கள் ஒரு தரைத்தள அறைக்கு மாறியிருந்தார்கள். சாமான்கள் சுவரோடு அடுக்கியிருந்தன. தையல் மெஷினின் மேல் போர்வை மூடி, அதன் மேல் மருந்துப் பைகள். தையல்காரம்மா எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, இடது கையால் தண்ணீர் கொண்டு வந்தார். வலது கை உடம்பை விட்டுத் தள்ளி நீட்டிக்கொண்டே இருந்தது. கதவைத் தாண்டும்போது அதற்காக உடம்பைத் திருப்பிக்கொண்டு நடந்தார். சீருடைத் தையலை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்களாம். சாப்பிடுவது இடது கையால் பழகிவிட்டது, தலை வாருவதுதான் கஷ்டம் என்றார். சண்டை போடுவார், அழுவார் என்று நான் எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் எதையும் கேட்கவில்லை. நாங்கள் கிளம்பும்போதுதான் ஒன்று சொன்னார்.

"உங்க வீட்டத் தொட முடியாதுன்னு வக்கீல் சொல்லிட்டாருக்கா. நீங்க அதுக்காகப் பயந்து வந்திருக்க வேண்டாம்."

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, மாட்டிய பிறகும் அசையாமல் நின்றாள். 

மறுவாரம் என்னைப் பேங்குக்குத் துணைக்கு வரச் சொன்னாள். எதற்கு என்று கேட்டேன். சொன்னாள். சேமிப்பில் மிச்சமிருந்தது போதாது என்று, தன் வீட்டை ஈடாக வைத்து இரண்டாவது ஆபரேஷனுக்கும், அந்த அம்மா மறுபடி மெஷினில் உட்காரும் வரைக்கும் ஆகிற செலவுக்கும் கடன் வாங்கப் போகிறாள். அச்சகத்தில் அடுத்த வருடம் வேலையை விட்டுவிடுவதாக இருந்தாள்; முதலாளியிடம் பேசி நீட்டித்துக்கொண்டாயிற்று.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லை, கோர்ட்டும் சொல்லவில்லை, நீ ஒரு தப்பும் செய்யவில்லை. பெரியவர் கேட்டபோது கொடுக்கவில்லை, சொந்தப் புருஷன் பட்டினி கிடந்தபோது கொடுக்கவில்லை, இப்போது யாரோ ஒருத்திக்காகத் தூக்கிக் கொடுக்கிறாயே, நாளைக்கு நீ எங்கே படுப்பாய் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "தூங்க முடியலடி" என்றாள். "கண்ண மூடினா அந்தக் கைதான் நிக்குது. இந்த வீட்டுக்குள்ளயே நிக்குது."  அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் நடந்தது. கை முக்கால்வாசி மடங்குகிறது. தையல்காரம்மா மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிட்டார், பழைய வேகம் வரவில்லை. மாமா இப்போது எந்தத் துருவைப் பார்த்தாலும் ஆட்டிப் பார்க்காமல் பிரஷ்ஷைத் தொடுவதில்லை. அதனாலேயே சில வேலைகள் கைநழுவிப் போகின்றன. வீட்டுப் பத்திரம் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது, அக்கா இன்னும் அச்சகத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். ஆனால் பேங்குக்குப் போன அந்தக் காலையில் இதில் எதுவும் எங்களுக்குத் தெரியாது. கை மடங்காமலேயே போயிருக்கலாம். அவளுக்கும் வேலை நிலைக்காமல் போயிருக்கலாம்.

மாமாவுக்குத் தகவல் சொன்னது நான்தான். அவளை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை. நாங்கள் கடன் அதிகாரியின் எதிரில் உட்கார்ந்திருந்தபோது, முழங்கை வரைக்கும் சுண்ணாம்போடு வேலை இடத்திலிருந்து அப்படியே வந்து நின்றார். அதிகாரி காட்டிய நாற்காலியில் உட்காரவில்லை. சட்டை அழுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ.

"வேணாம்மா" என்றார். "தப்பு என்னோடது. ஆயுசுக்கும் சுவர் அடிச்சுக் கட்டறேன். வீட்ட வைக்காத."

"நீங்க கட்டி முடிக்கறதுக்குள்ள அவங்க கை இறுகிடுங்க."

"இத்தனை வருஷம் யார் கேட்டும் கொடுக்கல நீ. எனக்கே கொடுக்கல."

"கொடுக்காததாலதாங்க இன்னைக்குக் கொடுக்க இருக்கு" என்றாள் அக்கா.

 கணவரும் கூடக் கையெழுத்துப் போடலாமே என்று அதிகாரி கேட்டார். வேண்டாம், நான் மட்டும் என்று அக்கா சொன்னாள். நாளைக்கு அவளுக்கு ஏதாவது ஆனாலும் இந்தக் கடன் அவர் தலையில் விழக் கூடாது என்பதுதான் கணக்கு என்று எனக்குப் புரிந்தது. அந்த நேரத்திலும் அவள் அவள்தான். மாமா அங்கே நிற்க முடியாமல் வெளியே போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், தெருவைப் பார்த்தபடி நின்று, சுண்ணாம்புக் கையாலேயே முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதார். அதிகாரி காட்டிய இடத்தில் எல்லாம் அக்கா கையெழுத்துப் போட்டாள். கடைசித் தாளில் அதிகாரி, பத்திரத்தில் இருக்கிற மாதிரி இல்லை, இன்னொரு முறை போடுங்கள் என்றார். அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டாள். 

வெளியே வந்ததும் படியிறங்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இருக்குடி" என்றாள்.

காலையிலிருந்து அவளோடு பேசாமலிருந்தவள் நான். அந்தக் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். மாமா முகத்தில் வெள்ளைத் தீற்றலோடு எங்களுக்கு முன்னால் இறங்கிப் போய், பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.